டிரம்மின் மேல் சோபா ஏன் இருந்தது

ஆற்றுமுனைத் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தாய் வழி,
கோல சிலாங்கூர்.
4.1.1987

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தனபாலன் அவர்களுக்கு (சம்பந்தி என்ற சொல் இன்னும் செல்லும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், செல்லாதென்றால் அதை அடித்துவிட்டு ஐயா என்று வாசித்துக்கொள்ளவும்),

ஆற்றுமுனைத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி இராமையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி இராஜம்மாளும் மகள் கங்காவும் நலம். வீடும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் சேறு இன்னும் முழுவதும் போகவில்லை. அங்கே ரவாங்கில் தாங்களும் சம்பந்தியம்மா புஷ்பவள்ளி அவர்களும் மாப்பிள்ளை சேது தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறோம். சம்பந்தியம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதும்படி இராஜம்மாள் சொல்கிறாள். அந்த வலி எங்கள் வீட்டில் வந்தது என்பதால் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று உங்கள் பக்கம் லோரி ஓட்டும் செல்லன் ஸ்டோருக்கு வந்திருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றவனை என்னவென்று கேட்டதற்கு, "கிராணி, ரவாங்ல ஒங்க சம்பந்தி வீட்டுல பேச்சு சரியில்லலா. கிராணி வீட்டுல எல்லாருக்கும் மண்டையில ஏதோ கோளாறு, அதான் சோபாவத் தூக்கி டிரம்மு மேல வச்சிருக்காங்கன்னு அந்தம்மா சொல்லுது. அதோட, ஒங்க மக வெள்ளத்துல காச்சட்ட போட்டுக்கிட்டு ஆம்பளைங்க பாக்க நீந்துச்சாமேன்னும் கேட்டுச்சு" என்றான். அவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றேன். "நாந்தான் சொன்னேன்" என்றான். ஆகையால் இரண்டு விஷயங்களுக்கும் பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நானே விளக்கம் எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சோபா. எழுபத்தொன்றாம் வருஷத்து வெள்ளத்தில் நாங்கள் கீழ் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தோம். தண்ணீர் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் மற்றவர்களிடம் சொன்னேன், சொன்னதோடு சரி, வந்தபோது என் கையில் தயாராக இருந்தது ஒரு குடை. கங்கா அப்போது பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அடுப்பு மேடைமேல் ஒரு பகல் முழுவதும் நின்றேன். இராஜம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு தன் தையல் மெஷின் வாசல் வழியாகப் போவதைப் பார்த்தாள். பாய், பாத்திரம், எங்கள் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் போயின. பத்திரத்துக்காகப் பிறகு எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினேன் என்பதைத் தாங்களும் தோட்டத்துப் பிள்ளை என்பதால் சொல்லாமலே அறிவீர்கள். தோளில் இருந்த கங்கா மட்டும் பயப்படவில்லை. "அப்பா, இன்னும் தண்ணி வருமா" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயந்தது நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மேல் லயத்துக்குக் குடிவந்த பிறகும் மழை வலுத்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன தீபாவளி கழிந்ததும் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் டிசம்பருக்கு முன்பே வீட்டைத் தயார் செய்துகொள்ள வேண்டும், கடல் ஏற்றமும் ஆற்றின் மேல்பகுதி மழையும் ஒரே நாளில் சேர்ந்தால் தண்ணீர் வடிய வழி இருக்காது, சாமான்களை உயரத்தில் வையுங்கள், முக்கியமான பத்திரங்களை நனையாமல் கட்டுங்கள், அரிசியைத் தரையில் வைக்காதீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். கூட்டத்துக்கு வந்த மற்றவர்கள் அங்கே கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் ஸ்டோருக்குப் போய்க் காலி எண்ணெய் டிரம்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். டிரம்களைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் மரச் சோபாவை ஏற்றி, அசையக் கூடாது என்று கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அரிசி மூட்டையை உத்தரத்தில் தொங்கவிட்டு, கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தேன். டிராக்டர் டயரின் பழைய டியூப்களில் காற்றடித்து வைத்தேன். கூரைக்குக் கீழே பலகை அடித்துப் பரண் போட்டேன். கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டு, நான் ஊதினால் லயத்தில் உள்ள எல்லாரும் பரணில் ஏற வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆட்களை வேலை வாங்கும் பக்கத்து வீட்டு மண்டோர் சன்னாசி, "கிராணி விசில் ஊதுனா நான் பந்து வெளையாட வந்துடுவேன்" என்றார். ஒத்திகை பார்க்க ஒரு நாள் ஊதினேன். இராஜம்மாள் மட்டும் ஏறினாள். ஏறி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏணியைக் கேட்டு வாங்கிப் போய்விட்டதால், அன்று நானே சமைக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் கார்த்திகை முடிவதற்குள் நிச்சயதார்த்தத்தை முடித்துவிடலாம் என்று தாங்கள் சொல்லியனுப்பி, குடும்பத்தோடு வந்தீர்கள். அன்றைக்கு மட்டுமாவது சோபாவைக் கீழே இறக்குங்கள் என்று இராஜம்மாள் கேட்டாள். வெள்ளம் நல்ல நாள் பார்த்தா வரும் என்று நான் கேட்டேன். உடனே அவள் டிரம்கள் தெரியாதபடி பூப்போட்ட படுக்கை விரிப்பைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். தாங்கள் முக்காலியில் ஏறி அந்தச் சோபாவில் அமர்ந்ததும், கால் தரைக்கு எட்டாமல் பேசிக்கொண்டிருந்ததும் எனக்கு வருத்தம்தான். ஆனால் தாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; ஒருவேளை இந்தப் பக்கத்து வழக்கம் என்று நினைத்திருக்கலாம். சம்பந்தியம்மா உயரத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, மூலையில் விரிப்புப் போட்டு மூடியிருந்ததை மெத்தை என்று நினைத்து உட்கார்ந்தார்கள். அது டியூப். நடுவில் ஒன்றும் இல்லாததால் அவர்கள் உள்ளே இறங்கினார்கள். எழ முயன்றபோது டியூப் அவர்களோடு சேர்ந்து எழுந்தது. கங்காவும் இராஜம்மாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுப்பதற்குள் தாங்கள் உதவி செய்யும் அவசரத்தில் சோபாவிலிருந்து குதித்து, பிடிமானத்துக்காக ஜன்னல் கம்பியைப் பிடித்தீர்கள். அங்கே இருந்த முடிச்சு அவிழ்ந்தது. அரிசி மூட்டை நேராக வந்து தாம்பூலத் தட்டின்மேல் உட்கார்ந்தது. தேங்காய், பழம், குங்குமம், எல்லாம் அதன் அடியில். பிறகு சம்பந்தியம்மா, "தட்ட மாத்தலாம்னா தட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். நான் வெள்ளத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். நான் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் கார் தோட்டத்து வாசலைத் தாண்டிவிட்டது. மண்டையில் கோளாறு என்ற பேச்சுக்குக் காரணம் இதுதான். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை.

இனி அடுத்த விஷயம். போன வாரம், அமாவாசைக்கு முதல் நாள், விடாத மழை. காலையில் வேலை நிறுத்திவிட்டார்கள். பண்டு என்று நாங்கள் சொல்கிற ஆற்றோர மண்கரைமேல் நானும் சன்னாசியும் இன்னும் சிலரும் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, ஆனால் பண்டு அசையவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, நான் கட்டியது போல. அப்போது பின்னால் இராஜம்மாள் குரல் கேட்டது. "இங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தண்ணி நம்ம அடுப்படியில நிக்குது." திரும்பிப் பார்த்தால் லயம் முழுவதும் தண்ணீர். ஆற்றைப் பார்த்து நாங்கள் நிற்க, தண்ணீர் கடல் பக்கத்துப் பெரிய கால்வாய் வழியாகப் பின்னால் வந்து, குளிக்கும் அறைத் துளையில் புகுந்து, சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. விசிலை எடுத்து ஊதினேன். மழையில் நனைந்திருந்ததோ என்னவோ, காற்றுதான் வந்தது. ஓடினேன், ஓட முடியாத இடத்தில் நடந்தேன். வீட்டுக்குப் போனால் உள்ளே எனக்கு இடமில்லை. சிரித்தவர்கள் எல்லாம் என் பரணில் இருந்தார்கள். சன்னாசி எனக்கு முன்பே போய்த் தன் மனைவி மக்களோடு சோபாவில் அமர்ந்திருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, அதற்குத்தானே கட்டியது. ஆனால் ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். உயரத்தை நினைத்தேனே தவிர, காலி டிரம் மிதக்கும் என்பதை நினைக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவு வந்ததும் சோபா தரையை விட்டுக் கிளம்பி, சன்னாசி குடும்பத்தோடு மெதுவாக ஹாலைச் சுற்ற ஆரம்பித்தது. "கிராணி, நிறுத்துங்க, எனக்கு மயக்கமா வருது" என்று அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சொன்னார்.

அப்போதுதான் அடுத்த வீட்டு நவமணிக்கு வலி எடுத்துவிட்டது என்று சத்தம் கேட்டது. தலைப் பிரசவம். அவள் புருஷன் காளியண்ணன் லோரியில் செம்பனைப் பழம் ஏற்றப் போய்த் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது, அதற்குப் போகும் சாலையில் தண்ணீர் நெஞ்சளவு. நவமணி தன் வீட்டு மேசைமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "கிராணி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைய மொதல்ல பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கங்காதான், "சோபாவ வெளிய எடுங்க" என்றாள். சன்னாசி குடும்பத்தைப் பரணுக்கு ஏற்றிவிட்டு, சோபாவை நெட்டுவாக்கில் வாசல் வழியாகத் தள்ளினோம். நிலையின் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. நவமணியைத் தூக்கிச் சோபா மெத்தையில் படுக்கவைத்து, இராஜம்மாள் குடையோடு தலைமாட்டில் உட்கார்ந்தாள். தள்ளிக்கொண்டு போவது யார் என்ற கேள்வி வந்தது. ஆம்பளைகள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அந்த நேரத்தில் கங்கா என்னுடைய காக்கிக் காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். புடவையோடு தண்ணீரில் இறங்கினால் கால் சிக்கும் என்பதால்தான் அது. வேறு காரணம் இல்லை.

"கங்கா, வேணாம். தண்ணி இழுக்கும்" என்றேன்.

"இப்ப இழுக்காதுப்பா. கடல் ஏத்தம் நிக்கிற நேரம் இது. வடிய ஆரம்பிச்சாத்தான் இழுக்கும். அதுக்குள்ள போயிடணும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாலத்துக்கு அடியில நீந்துறவங்களுக்குத் தெரியும்."

"யாரு நீந்துறது?"

"நாந்தான். ஸ்கூல் படிக்கிறப்பவே. அம்மாவுக்குத் தெரியும்."

இராஜம்மாளைப் பார்த்தேன். அவள் குடையைச் சற்று இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வல்லமை உள்ள தகப்பனாக இருந்தால் அங்கேயே இரண்டு பேரையும் அதட்டியிருப்பேன். நவமணி மறுபடியும் முனகினாள். நான் ஒரு டியூபில் ஏறி உட்கார்ந்து, அதைக் கயிற்றால் சோபாவோடு கட்டிக்கொண்டேன். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதால் துணைக்குப் போனேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். தாங்களும் அப்படியே வைத்துக்கொள்ளவும்.

டியூப் சுற்றிக்கொண்டே வந்ததால் பாதி வழி நான் பின்பக்கம்தான் பார்த்தேன். மீதி வழி யோசனை சொன்னேன். இடது பக்கம் வேலி இருக்கிறது என்றேன், வலது பக்கம் செம்பனை மட்டை வருகிறது என்றேன். "அப்பா, கொஞ்சம் பேசாம வாங்க" என்று கங்கா சொன்னாள். சாலையில் பழ லோரிகள் நின்றிருந்தன. அவற்றின்மேல் ஏறி நின்ற ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். செல்லனும் அவர்களில் ஒருவன். பார்த்தார்கள் என்பது உண்மை. ஒருவரும் இறங்கவில்லை என்பதும் உண்மை. இதைச் செல்லன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

கால்வாயும் சாலையும் சேரும் இடத்தில் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. சோபா ஒரு பக்கமாகத் திரும்பி இழுத்தது. இராஜம்மாள் குடையை விட்டுவிட்டு நவமணியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கங்கா சோபாவின் காலைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தவள், கை நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டாள். அந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. சம்பந்தி, எனக்கு அந்த ஒரு பிள்ளைதான். அப்போது நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. விசிலை ஊதினேன். சத்தம் வரவில்லை, இருந்தும் ஊதிக்கொண்டே இருந்தேன். கங்கா சோபாவின் அந்தப் பக்கத்தில் தலையைத் தூக்கி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, மறுபடியும் தள்ளத் தொடங்கினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுததைக் கண்டிருப்பாள். மழை பெய்தது நல்லதாயிற்று.

மேட்டை அடைந்ததும் ஆஸ்பத்திரி ஆட்கள் இறங்கி வந்து நவமணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலை விளக்கேற்றும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை கொடி சுற்றிப் பிறந்தது என்றும், வீட்டிலேயே இருந்திருந்தால் கஷ்டம் என்றும் அங்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் சொன்னார். காளியண்ணன் தண்ணீர் வடிந்ததும் ஓடி வந்து, குழந்தைக்குக் கங்கா என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னான். கங்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரே லயத்தில் இரண்டு கங்கா இருந்தால் அம்மா கூப்பிடும்போது யார் போவது என்று கேட்டாள். இப்போது வேறு பெயர் யோசிக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சோபா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எங்களை இறக்கிவிட்டுக் கடல் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் போட்டார்கள், இந்த முறை பிஸ்கட் முடிந்த பிறகும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னாசி டிரம் கேட்டு ஸ்டோருக்கு வந்துகொண்டிருக்கிறார்.

என் பெண்ணைப் பற்றி வேறு யாராவது தப்பாகச் சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடக்கமான பெண். நன்றாகச் சமைப்பாள். இனிமேல் நீந்தாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தை மாதத்தில் நல்ல நாள் பார்த்துத் தட்டு மாற்ற வருவீர்களென்றால், அன்று வீட்டில் உள்ள எல்லாச் சாமான்களையும் தரையில் வைக்கிறேன். விசிலையும் கழற்றிவிடுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு முதுகு சாய்ந்த நாற்காலி ஒன்று இரவல் வாங்கி வைக்க இராஜம்மாள் சொல்லியிருக்கிறாள். தாங்கள் பெரிய மனசு வைக்க வேண்டும். கேட்கக் கூடாத விதத்தில் கேட்கிறேன் என்று தெரியும். பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படிக் கேட்பது?

தங்கள் குடும்பம் வரும் பொங்கலில் பால் பொங்குவது போல் பொங்கி நிறையட்டும். சேது தம்பிக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்களும் இடுப்புக்குத் தேய்க்க ஒரு புட்டி தைலமும் இத்துடன் செல்லன் கையில் அனுப்புகிறேன்.

தங்கள் அன்பை எதிர்பார்த்திருக்கும்,
இராமையா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கங்கா வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "என்னை யாரும் கேக்கலியே" என்றாள். என்னம்மா கேட்க வேண்டும் என்றேன். "அவருக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டு எழுதுங்க. தெரியலன்னா தை மாசம் வேணாம். கத்துக்கிட்டு வரட்டும், நான் காத்திருக்கேன். வேணும்னா ஞாயித்துக்கிழமையில இங்க வரச் சொல்லுங்க, பாலத்துக்கு அடியில நானே சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். "ஒங்கள இழுத்ததே போதும்பா. கல்யாணம் பண்ணி இன்னொருத்தர இழுக்க என்னால முடியாது" என்கிறாள். இராஜம்மாளும் அவள் பக்கம். எனவே மேலே நான் கெஞ்சி எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சேது தம்பியைக் கேட்டுப் பதில் போடவும்.